கை கழுவிய வரலாறு

'அவனை நான் எப்போதோ கை கழுவிவிட்டேன்' என்று ஒருவர் சொன்னால், அவனைக் கைவிட்டுவிட்டார் என்றே நாம் பொருள் கொள்கின்றோம். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் இந்தச் சொல்லின் பொருள் தலைகீழாகிவிடுகின்றது. அங்கே நோயாளியைக் கைவிட மனமில்லாதவரே கை கழுவுகின்றார். கழுவாதவர், தாம் அறியாமலே, அவரைக் கைவிட்டவராகின்றார்.

கொவிட் நோய் உலகைச் சுற்றிவந்த 2020ஆம் ஆண்டிலும் அடுத்துவந்த ஆண்டுகளிலும் பல நாடுகளிலே ஆராய்ச்சியாளர் தாதி மாணவரிடம் சென்று, தொற்றுத் தடுப்பைப்பற்றி அவர்கள் அறிந்தது எவ்வளவு, நாள்தோறும் செய்வது எவ்வளவு என்று கேட்டு எழுதினர். பெரும்பாலும் ஒரே விதமான விடையே கிடைத்தது. அறிவு நிறைய இருந்தது. செயல் அதற்குச் சற்றுப் பின்னே நின்றது. இதிற் புதுமை ஒன்றுமில்லை எனலாம். ஆனால், கொள்ளைநோய்க்கு முன்பிருந்தே ஆஸ்பத்திரிகளிற் கை கழுவுதலைக் கண்காணித்து வந்தவர்கள் கண்ட இன்னொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. நோயாளியைத் தொட்ட பின்னர்க் கை கழுவுவோர் பலர். தொடுவதற்கு முன்னர்க் கழுவுவோர் அவரிலும் குறைவு. பின்னர்க் கழுவுவது பெரிதும் தன்னைக் காக்க. முன்னர்க் கழுவுவது பிறரைக் காக்க. இந்த முன்னுக்கும் பின்னுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடப்பதற்கு மருத்துவ உலகுக்கு நூற்றெழுபது ஆண்டுகள் போதவில்லை. அந்தக் கதையில் மாணவருக்குப் பெரிய பங்குண்டு. நமது கொழும்புக்கும் ஓர் இடமுண்டு.

கதை தொடங்குவது வியன்னா நகரத்திலே. அங்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் வைத்திய மாணவர் பயின்றனர். இரண்டாவதில் மருத்துவிச்சிப் பயிற்சி பெறும் பெண்கள் பயின்றனர். 1846ஆம் ஆண்டிலே, முதற்பிரிவில் நூற்றுக்கு 11க்கு மேற்பட்ட தாய்மார் பிரசவச் சுரத்தால் இறந்தனர். இரண்டாவது பிரிவில் இறந்தோர் நூற்றுக்கு 3 பேரும் இல்லை. ஏழைத் தாய்மார் முதற்பிரிவில் சேர்க்கவேண்டாமென்று காலில் விழுந்து கெஞ்சுவார்களாம். அங்கே உதவி வைத்தியராயிருந்த இக்னாஸ் செம்மெல்வைஸ் காரணம் தெரியாமல் தவித்தார். 1847 மார்ச் மாதத்திலே அவருடைய நண்பர் கொல்லெட்ச்கா என்பார் பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி பட்டுக் காயமுற்று, தாய்மாருக்கு வந்த அதே மாதிரி நோயால் மாண்டார். அப்போதுதான் செம்மெல்வைசுக்கு உண்மை புலப்பட்டது. காலையிற் பிணத்தை அறுத்த மாணவர், அந்தக் கையுடனேயே பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்தனர். மருத்துவிச்சி மாணவியருக்கோ பிணமறுக்கும் வேலை இல்லை. வேறுபாடு அவ்வளவே.

அவ்வாண்டு மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிலே கை கழுவிய பின்னரே எவரும் உள்ளே வரலாம் என்று அவர் கட்டளையிட்டார். ஏப்பிரலில் நூற்றுக்கு 18 ஆயிருந்த இறப்பு யூனில் 2 அளவுக்கு இறங்கியது. ஆயினும் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. ஒக்டோபர் மாதத்தில், கருப்பையிற் புற்றுநோய்ப் புண்ணுடன் கிடந்த ஒரு பெண்ணைப் பரிசோதித்த கைகள் அடுத்தடுத்த கட்டில்களுக்கும் சென்றன. அவ்வரிசையிலே கிடந்த தாய்மார் பலர் இறந்தனர். பிணத்தை விட்டு வரும்போது மாத்திரமன்றி, ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவரிடம் செல்லும்போதும் கழுவவேண்டும் என்று அவர் கட்டளையை விரித்தது அதன் பின்னரே. நாம் 'முன்னர்க் கழுவுதல்' என்று சொல்வது பிறந்த நாள் அதுதான் என்று கொள்ளலாம். அவருக்குக் கிடைத்த வெகுமதியையும் சொல்லவேண்டும். தங்கள் கைகளே தாய்மாரைக் கொன்றன என்பதை ஒப்புக்கொள்ளப் பெரியவர் பலருக்கு மனம் வரவில்லை. 1849இல் அவருடைய பதவி நீடிக்கப்படவில்லை. 1865இல் அவர் ஒரு மனநோய் விடுதியில் இறந்தார்.

செம்மெல்வைசின் சொல் எடுபடாத அந்தக் காலத்திலே, வேறு வழியால் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். 1859இல் வெளிவந்த தமது நூலிலே, தாதியானவள் பகலிற் பலமுறை கை கழுவவேண்டும் என்று அவர் எழுதினார். கிருமிக் கொள்கையை அவர் அக்காலத்தில் நம்பவில்லை என்பதுதான் விந்தை. அழுக்கும் கெட்ட காற்றுமே நோய்க்குக் காரணமென்று அவர் கருதினார். கொள்கை பிழை, பழக்கம் சரி. நமது பாட்டிமாரின் வழக்கங்கள் பலவற்றையும் இவ்வாறே சொல்லலாம். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியவர்கள் கிருமியை அறியார். ஆனால், அந்த வேப்பிலையைக் கண்டு அயலவர் உள்ளே போகாது நின்றனர் அல்லவா?

1860இல் இலண்டன் சென்ற் தோமஸ் ஆஸ்பத்திரியிலே நைற்றிங்கேல் அம்மையாரின் தாதியர் பாடசாலை ஆரம்பமாயிற்று. அந்த அலை இங்கு வந்துசேர அதிக காலம் செல்லவில்லை. கொழும்புப் பொது ஆஸ்பத்திரி 1864இல் தோன்றியது. இன்று கின்சி வீதியின் பெயரிலே வாழும் டொக்டர் கின்சியின் காலத்தில், 1878இல், அங்கே தாதியர் பயிற்சி தொடங்கியது. 1886 முதல் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியாஸ்திரிகள் அங்கு பணிபுரிய வந்தனர். கொழும்பிலே தாதியர் பயிற்சிக் கல்லூரி முறையாக அமைந்தது 1939இல். ஆங்கில முறையை ஒட்டிய இப்பயிற்சியில் மாணவி வகுப்பிற் படிப்பவள் மாத்திரமல்லள். வார்ட்டிலே வேலை செய்பவளுமாவாள். படுக்கை விரிப்பதும், உடம்பு துடைப்பதும், மலசலப் பாத்திரம் எடுப்பதும் முதலில் அவள் கைக்கே வரும். ஆகவே தொற்று முதலில் தேடிவருவதும் அந்தக் கையைத்தான்.

கொழும்பு நகரம் கொள்ளைநோயின் பாடத்தைத் தானே படித்தது 1914ஆம் ஆண்டு ஜனவரியிலே. அப்போதுதான் பிளேக் நோய் முதன்முதலாக இந்நகரத்து மனிதரைத் தாக்கியது. செட்டியார் தெருவும் புறக்கோட்டையின் தானியக் கிட்டங்கிகளும் சூழ்ந்த பகுதியே அதன் நிலைக்களம். அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்துவர அரைமணி நேரம் வேண்டாம். நம்மவர் கடையும் கோயிலும் வீடும் நெருங்கியிருந்த இடம் அது. மாநகரசபையின் நுண்ணுயிரியலாளர் டொக்டர் பேபியன் ஹேர்ஸ்ட் பல ஆண்டுகள் எலிகளையும் அவற்றின் தெள்ளுகளையும் எண்ணிக்கொண்டிருந்தார். எலித்தெள்ளு எல்லாம் ஒன்றல்ல, அவற்றுள் ஓர் இனம் பிளேக்கைப் பரப்புவதில் வல்லது, மற்றோர் இனம் அவ்வளவு வல்லதன்று, வல்ல இனம் தானியக் கிட்டங்கிப் பகுதியிலேயே மிகுந்திருந்தது என்று அவர் காட்டினார். 1953இல் அவர் எழுதி வெளியிட்ட பிளேக் வரலாற்று நூல் இன்றும் அறிஞரால் எடுத்துக் காட்டப்படுகின்றது. கொழும்புக் கிட்டங்கியின் எலி உலக நூலகத்தில் ஏறியது இப்படித்தான்!

தாதியர்க்கு இதில் என்ன உண்டு என்று வாசகர் கேட்கலாம். நிறைய உண்டு. பிளேக் என்றதும் நோயாளியைத் தொடவே அஞ்சினர். ஆனால் இந்தியாவில் ஆராய்ந்த குழுவினர், தெள்ளு இல்லாத இடத்தில் நோயுற்ற பிராணியுடன் நோயற்ற பிராணியை ஒன்றாக அடைத்து வைத்தாலும் நோய் பரவுவதில்லை என்று கண்டனர். நோய் நெஞ்சுச் சளியில் ஏறிவிட்டாலோ நிலைமை வேறு. அப்போது இருமலே எமனாகும். நோய் வரும் வழியை அறியாமற் செய்யும் காப்பு, வாசலிற் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்து வைப்பது போன்றது. 2020இலும் நாம் இதனைக் கண்டோம். முதல் மாதங்களிலே கடையில் வாங்கிய மரக்கறியையும் தபாலில் வந்த கடிதத்தையும் கழுவித் துடைத்தவர் எத்தனை பேர்! காற்றோட்டமற்ற அறையிலே கலந்திருக்கும் மூச்சுத்தான் பெரிய வழி என்பது உறுதிப்படச் சில காலம் சென்றது.

மூச்சின் வழியை முன்னரே உணர்ந்து வாயையும் மூக்கையும் மூடியவர் ஒருவரை இங்கு நினைக்கவேண்டும். அவர் பினாங்கிற் பிறந்த சீன வைத்தியர் வூ லியென் தே. 1910ஆம் ஆண்டு இறுதியில் மஞ்சூரியாவிலே நெஞ்சுப் பிளேக் பரவியபோது, பஞ்சும் வலைத்துணியும் கொண்டு முகக்கவசம் செய்து, நோயாளியை அணுகும் எல்லோரும் அணியவேண்டும் என்றார். மெஸ்னி என்ற பிரெஞ்சு வைத்தியர் இந்த இளைஞன் சொல்வதென்ன என்று அலட்சியம் செய்து, கவசமின்றி நோயாளிகளைப் பார்க்கச் சென்று, சில நாளில் அதே நோயால் இறந்தார். அந்தக் கொள்ளைநோயில் மாண்டோர் ஏறக்குறைய 60,000 பேர். அதன்பின் எட்டாண்டு கழிவதற்குள், 1918இல், இன்புளுவென்சா கடல்வழியாக இலங்கைக்கும் வந்தது. அதனால் இலங்கை இழந்த உயிர்கள் மூன்று இலட்சம் வரை இருக்கலாமென்பது அண்மைக்கால மதிப்பீடொன்று. முந்திய மதிப்பீடு இதனிலும் மிகக் குறைவு. எண் எதுவாயினும், ஒவ்வொரு ஊரிலும் பாடை தூக்க ஆளில்லாத நாட்கள் இருந்தன என்று நம் மூத்தோர் சொல்லக் கேட்டவர்கள் உண்டு.

கையுறையின் கதையும் சுவையானதே. 1889ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியிற் சத்திரசிகிச்சை அறைத் தாதியாயிருந்த கரோலைன் ஹாம்ப்டன் என்பவரின் கைகள், கிருமிநாசினி மருந்து பட்டுப் புண்ணாயின. அவரை மணக்க விரும்பியிருந்த டொக்டர் ஹால்ஸ்ரெட் மெல்லிய றப்பர் கையுறைகளைச் செய்வித்துக் கொடுத்தார். நோயாளியைக் காக்கவல்ல, தாதியின் தோலைக் காக்கவே கையுறை முதலில் அங்கு புகுந்தது. அதனால் நோயாளிகளின் புண் சீழ்ப்பிடிப்பதும் குறைந்ததென்பது பின்னரே தெரியவந்தது. இங்கும் 'தன்னைக் காத்தல்' முன்னே வர, 'பிறரைக் காத்தல்' பின்னே வந்ததைக் காண்க. றப்பர் கன்றுகள் 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்து இறங்கியதையும், கையுறை செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் நாடுகளுள் நமது நாடும் ஒன்றாகியதையும் இங்கே சேர்த்து நினைக்கலாம். ஆயினும் கையுறைக்கு ஒரு கள்ளக் குணம் உண்டு. அணிந்தவருக்குத் தம் கை சுத்தமென்ற எண்ணத்தை அது தந்துவிடுகின்றது. ஒரே கையுறையுடன் நாலு கட்டிலைத் தொட்டால், வெறுங்கையாற் செய்த தீமைக்கு அது குறைந்ததன்று. கழற்றும்போது அதன் வெளிப்புறம் விரலிற் படுவதும் உண்டு. ஆதலாற் கழற்றியதும் கழுவவேண்டும்.

இவ்வளவும் தெரிந்தபின் ஏன் கழுவுவதில்லை? சோம்பல் என்று சொல்லித் தப்பிவிடுவது எளிது. ஜெனீவா நகரத்து ஆஸ்பத்திரியிலே டொக்டர் டிடியே பிற்றே என்பவர் அவ்வாறு தப்பவில்லை. நேரத்தைக் கணக்குப் பார்த்தார். சவர்க்காரமும் நீரும் கொண்டு ஒழுங்காகக் கழுவ 40 முதல் 60 செக்கன் வேண்டும். குழாயடிக்குப் போய்வரும் நடையும் துடைக்கும் நேரமும் வேறு. வேலை நெருக்கும் வார்ட்டிலே ஒரு தாதி ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்தால் வேறு வேலை நடவாது. ஆகவே மதுசாரக் கரைசலைக் கட்டிலடிக்கே கொண்டுவந்து வைத்தார். 20 முதல் 30 செக்கனில் வேலை முடிந்தது. 1994இல் நூற்றுக்கு 48 ஆயிருந்த கைச்சுத்தம் 1997இல் 66 ஆக உயர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்தே தொற்றும் நோய்களும் குறைந்தன. உபதேசத்தை மாத்திரம் கூட்டியிருந்தால் இது நடந்திராது என்பது எமது துணிபு.

உலக சுகாதார ஸ்தாபனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, கைச்சுத்தத்துக்கு ஐந்து வேளைகளை வகுத்தது. நோயாளியைத் தொடுமுன், தூய்மை வேண்டும் செயலைச் செய்யுமுன், உடல்நீர் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சூழ்ந்த பொருட்களைத் தொட்டபின் என்பன அவை. இவற்றிலே முன்னிரண்டும் நோயாளிக்காக. பின்மூன்றும் தாதிக்காகவும் அடுத்த கட்டிலுக்காகவும். நம்மவர்க்குப் பின்மூன்றையும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரணவீட்டிலிருந்து வந்தால் தலைமுழுகாமல் உள்ளே வரவிடாத வீடுகள் நமது வீடுகள். முன்னிரண்டும் நமக்குப் புதியவை என்று நினைப்போமாயின் அதுவும் பிழை. கோயில் வாசலிலே கைகால் கழுவிவிட்டு நுழைகின்றோமே, அது யாருக்காக? நம்மைக் காக்கவன்று, உள்ளே இருக்கும் சந்நிதிக்காக. ஒரு கட்டிலும் அவ்வாறே மதிக்கப்படவேண்டிய இடம் என்று எண்ணும் மாணவிக்கு முதலாவது வேளை மறக்காது.

நோயின் பெயர் தெரிந்தபின் எச்சரிக்கையாயிருப்பது யாவர்க்கும் எளிது. 2018 மே மாதத்திலே கேரளத்தின் பேராம்பிரை ஆஸ்பத்திரித் தாதி லினி ஒரு சுரக்காரரைப் பராமரித்தார். அது நீப்பா வைரஸ் என்று அப்போது எவருக்கும் தெரியாது. தெரியவந்தபோது அவரே படுக்கையில் இருந்தார். இரண்டு சிறு பிள்ளைகளையும் கணவரையும் விட்டு மறைந்தார். பெயர் தெரியாத நோய் நாளையும் வரும். ஆகையால், எதிரே கிடப்பவர் யாராயினும், அவர் நோய் எதுவாயினும், அவரது இரத்தமும் உடல்நீரும் தொற்றுடையன என்றே கொண்டு நடக்கும் பொதுக்காப்பு முறையை மாணவர்க்கு முதலிற் கற்பிக்கின்றனர்.

இனி நமது நகரத்துக்கு வருவோம். இலங்கையின் முதற் கொவிட் நோயாளியான சீனப் பெண்மணி 2020 ஜனவரி 27ஆம் திகதி உறுதிசெய்யப்பட்டு, அங்கொடைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரியிலே பராமரிக்கப்பட்டுச் சுகமாகி வெளியேறினார். மார்ச்சிலே இந்நாட்டவருக்கும் நோய் கண்டது. கல்வி நிலையங்கள் மூடப்பட்டன. மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு வந்தது. நைற்றிங்கேல் அம்மையார் பிறந்து இருநூறு ஆண்டு நிறைவதையொட்டி 2020ஐத் தாதியரின் ஆண்டாக உலக சுகாதார ஸ்தாபனம் முன்னரே அறிவித்திருந்தது! இங்கிலாந்தில் இறுதியாண்டு மாணவருள் விரும்பியோரைச் சம்பளத்துடன் வார்ட்டுகளுக்கு அழைத்தனர்.

எமக்கு அறிமுகமான தாதி மாணவி ஒருத்தி அந்த மார்ச்சில் விடுதியை விட்டுக் கொட்டாஞ்சேனைக்கு வீடு வந்தாள். தோட்டத்து வீடு, பொதுக் குழாய், பொது மலசலகூடம். அம்மம்மா வாசலில் மஞ்சள் நீர் வாளி வைத்திருந்தார். மஞ்சள் கிடைப்பதே அரிதாகி விலை ஏறிய காலம் அது. "மஞ்சளைக் கறிக்கு வையுங்கோ அம்மம்மா, சவர்க்காரம் போதும்" என்று அவள் விளங்கப்படுத்தினாளாம். அந்த வைரசின் மேலுறை கொழுப்பாலானது. சவர்க்காரம் பட அது சிதைந்துவிடும். ஒக்டோபர்ப் பிற்பகுதியிலே கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் முதலிய பகுதிகள் மறுபடியும் அடைக்கப்பட்டன. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலே மின்தூக்கிப் பொத்தானைத் தீக்குச்சியால் அழுத்தினர். இங்கே தோட்டங்களிலே குழாயடியிற் சோக்கினால் வட்டம் கீறி, வாளியுடன் ஒருவருக்கொருவர் தள்ளி நின்றனர். தள்ளி நில்லுங்கள் என்ற கட்டளை எல்லார்க்கும் ஒன்று. நிற்பதற்கு இருந்த நிலமோ ஒன்றன்று.

பின்னர் அவள் பயிற்சிக்குத் திரும்பினாள். ஒருநாள் நாம் அவளைக் கண்டபோது, படித்ததெல்லாம் வார்ட்டில் நடக்கின்றதா என்று கேட்டோம்.

"படிச்சதொண்டும் மறக்கேல்லை அண்ணை. ஒரு கட்டிலிலயிருந்து மற்றக் கட்டிலுக்குப் போகேக்கை குழாயடிக்குப் போய்வர நேரம் எங்கை இருக்கு? போனாலும் சவர்க்காரம் சில நாளைக்கு இருக்கும், சில நாளைக்கு இராது."

"கேட்டு வாங்கலாமே?"

அவள் சிரித்தாள். பெரியவர் ஒருவர் கை கழுவாமலே கட்டிலுக்குக் கட்டில் போனதையும், பின்னாற் சென்ற மாணவியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் சொன்னாள். "நான் கழுவப் போனால் அவரைக் குத்திக் காட்டினது மாதிரி இருக்கும் எண்டு அண்டைக்கு நானும் கழுவேல்லை."

இந்த ஒரு வசனத்தை எந்த வினாக்கொத்தும் பிடித்து எழுதாது என்று எமக்குத் தோன்றியது. மாணவர் பாடப்புத்தகத்தைப் பார்த்து நடப்பதில்லை. முன்னே நடப்பவரைப் பார்த்து நடக்கின்றனர். வியன்னாவிலும் அப்படியே நடந்தது.

2022இலே பொருளாதார நெருக்கடி வந்தபோது, நாட்டின் ஆஸ்பத்திரிகளில் மருந்துக்கும் உபகரணங்களுக்கும் பஞ்சம் வந்ததை நாம் எல்லோரும் அனுபவித்தோம். அவள் அப்போது பயிற்சியின் கடைசிப் பகுதியில் இருந்தாள். தன் பையிலே சிறு போத்தலில் மதுசாரக் கரைசலைத் தானே வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாள். விலை ஏறியபின் ஒரு போத்தலைத் தோழியர் மூவர் பங்கிட்டனராம். கைவளையலைப் பயிற்சி தொடங்கிய நாளிலேயே கழற்றிவிட்டாள். மணிக்கூட்டை மணிக்கட்டில் அணியாமல் நெஞ்சிற் குத்திக்கொள்வாள்.

அவளுடன் சென்ற மாதம் கொட்டாஞ்சேனைச் சந்தியால் நடந்து வந்தோம். 2020இலே கடைவாசல்களில் அவசரமாகக் கட்டிய கைகழுவும் தொட்டிகளுள் ஒன்று இன்னும் நிற்கின்றது. குழாயைக் கழற்றிவிட்டார்கள். தொட்டிக்குள் யாரோ பூச்செடி நட்டிருக்கிறார்கள். கடைக்காரர் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "குழாய் எங்கை ஐயா?" என்று அவள் கேட்டாள். உள்ளே இருக்கிறது, தேவையென்றால் மறுபடி பூட்டலாம் என்றார் அவர்.